பனிப்புயலின் விளிம்பு எங்கே விழும்? – கேள்வி பதில்

திங்கள் மாலை தொடங்கி செவ்வாய் பிற்பகல் வரை அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையை ஒரு பெரிய நாரீஸ்டர் (வடகிழக்குக் காற்றோடு பனியும் மழையும் கொண்டுவரும் கடலோரப் புயல்) தாக்கும் என்பதில் வானிலையைக் கணிக்கும் எல்லாக் கணினி மாதிரிகளும் ஒத்துப்போகின்றன. யாருக்கு எத்தனை அங்குலம் என்பதில்தான் சண்டை. காலையிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

எடிசன், நியூ ஜெர்சி: சார், 31 அங்குலம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. தேசிய வானிலைச் சேவையோ 8 முதல் 12 என்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

வானிலைச் சேவை சொல்வதை. அந்தப் படம் ஒரே ஒரு மாதிரியின் ஒரே ஒரு ஓட்டம், அதாவது ஒரு முறை கணக்கிட்டதில் வந்த முடிவு. ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்கியிருக்கிறார்கள். உறைந்த மழைத்துளிகளாக விழப்போவதையும் பனிக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆர்வலர்கள் இவற்றைக் கோமாளி வரைபடம் என்று கேலி செய்வது சும்மா இல்லை. அதிலும் எடிசன் இருப்பது 95-ஆம் எண் நெடுஞ்சாலையோரம். பெரும்பாலான நாரீஸ்டர்களில் மழைக்கும் பனிக்கும் இடையிலான கோடு அந்தச் சாலையைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

ஜெர்சி சிட்டி: 2015-இல் 'வரலாறு காணாத பனி' என்று நியூயார்க்கையே மூடினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2015 ஜனவரி 26, 27. நியூயார்க் நகருக்கு 20 முதல் 30 அங்குலம் என்று முன்னறிவிப்பு. சுரங்க ரயிலையே நிறுத்திவிட்டார்கள். பனிக்காக அது நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். ஊரே வானிலைக்காரர்களைக் கரித்துக் கொட்டியது. ஆனால் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று இஸ்லிப்பில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். லாங் ஐலண்டில், சென்ட்ரல் பார்க்கிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்த ஊரில் 24.9 அங்குலம். மாசசூசெட்ஸின் உஸ்டரில் 34.5 அங்குலம். புயல் வந்தது, சொன்ன பலத்தோடுதான் வந்தது. எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கிழக்கே தள்ளிப் போனது. அதன் மேற்கு விளிம்பு நியூயார்க் மீது விழுந்துவிட்டது.

2012-இல் சாண்டி புயலை முன்கூட்டியே கணித்துப் பெயர் வாங்கியிருந்த ஐரோப்பிய மாதிரி நியூயார்க்குக்கு மலைபோல் பனியைக் காட்டியது. அமெரிக்க மாதிரியான ஜி.எஃப்.எஸ். குறைவாகக் காட்டியது. எல்லாரும் பெயர் வாங்கியதன் பக்கம் சாய்ந்தார்கள். ஒரு புயலின் மையப்பகுதியில் இருப்பவருக்கு 80 கிலோமீட்டர் பிழை ஒரு பொருட்டே அல்ல. விளிம்பில் இருப்பவருக்கு அது ஓரடிப் பனியா ஈரச் சாலையா என்கிற வித்தியாசம். ஆகவே உங்கள் ஊருக்கு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், உங்கள் ஊர் புயலின் விளிம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வானிலைச் சேவையின் பக்கத்தில் 'குறைந்தபட்சம்', 'அதிகபட்சம்' என்று இரண்டு வரைபடங்கள் தனியாக இருக்கின்றன. பத்தில் ஒரு வாய்ப்பு உள்ள உச்ச அளவும், பத்தில் ஒன்பது வாய்ப்பு உள்ள அடிமட்ட அளவும் அவற்றில் தெரியும். ஜெர்சி சிட்டிக்கு இன்றைக்கு அந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம். அந்தப் பள்ளம்தான் உங்களுக்கான முன்னறிவிப்பு.

இன்னொன்று: பயமுறுத்திவிட்டுப் போன புயல்களை மட்டும் நாம் மறப்பதில்லை. 2000 ஜனவரியில் வட கரோலினாவின் ராலி நகரில் 20.3 அங்குலம் கொட்டியது. மாதிரிகள் அதைக் கோட்டை விட்டன. அதை யாரும் எனக்கு நினைவூட்டுவதே இல்லை.

ஹார்ட்ஃபோர்ட், கனெக்டிகட்: அண்ணா, மாதிரிகளின் புதுக் கணிப்புகள் எந்த நேரத்துக்கு வரும்? ராத்திரியெல்லாம் விழித்துப் பார்க்கிறேன் என்று மனைவி திட்டுகிறார், நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் நல்லது.

நம் குளிர்கால நேரப்படி ஜி.எஃப்.எஸ். இரவு பத்தரைக்குச் சொட்டுச் சொட்டாக வரத் தொடங்கும். ஐரோப்பிய மாதிரி நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில். பகலிலும் இதே கணக்குதான்: காலை பத்தரை, மதியம் ஒன்று. மதிய ஓட்டத்தை மட்டும் பாருங்கள், குடும்பம் நிம்மதியாக இருக்கும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் மனம் மாறுவதைவிட, ஐரோப்பிய மாதிரியை நடத்தும் ஐரோப்பிய வானிலை மையம் சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப ஓட்டும் 51 கணிப்புகளின் தொகுப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பது உத்தமம்.

வேளச்சேரி, சென்னை: வங்கக்கடல் புயல்களைப் பின்தொடர்கிறவன் நான். இதுவும் அதுவும் ஒரே வகையா?

இரண்டுமே காற்றழுத்தத் தாழ்வுதான், ஓடும் எரிபொருள் வேறு. வங்கக்கடல் புயல் வெதுவெதுப்பான கடல்நீரின் ஆவியில் வாழ்கிறது, கரையேறியதும் சோர்ந்துவிடும். நாரீஸ்டருக்கு உயிர் கொடுப்பது வெப்ப வேறுபாடு. கனடாவிலிருந்து இறங்கும் வறண்ட குளிர்காற்று ஒரு பக்கம், அமெரிக்கக் கிழக்குக் கரையையொட்டி ஓடும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டத்தின் மேல் கிடக்கும் ஈரமான வெப்பக்காற்று மறுபக்கம். மேலே ஜெட் காற்றோட்டம் (உயரத்தில் வேகமாக ஓடும் காற்று) தோதாக அமைந்தால் மைய அழுத்தம் 24 மணி நேரத்தில் 24 மில்லிபார்கூட சரியும். கனடாவின் கியூபெக் மீது உயரழுத்தம் குந்திக்கொண்டு குளிரைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அது நகர்ந்துவிட்டால் கடற்கரை ஊர்களுக்கு மழைதான். பாதை தப்பினால் உங்களுக்கும் மழை கணக்கு மாறும். இங்கே அதற்கு மேல் ஒரு டிகிரி வெப்பமும் சேர்ந்து வம்பு செய்யும்.

பிலடெல்பியா: தரையில் மைனஸ் 2 டிகிரி இருந்தும் பனி விழாமல் கல் கல்லாகக் கொட்டுகிறதே, ஏன்?

தரையைப் பார்க்காதீர்கள், ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தைப் பாருங்கள். அங்கே கடலிலிருந்து ஒரு வெப்பக்காற்று அடுக்கு நுழைந்து பனியை உருக்கிவிடுகிறது. கீழே உள்ள குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால் துளிகள் மறுபடி உறைந்து கற்களாக விழும். மெலிதாக இருந்தால் நீராகவே வந்து மரக்கிளையிலும் மின்கம்பியிலும் உறையும். இரண்டில் கொடியது பின்னது. திங்கள் இரவு உங்கள் ஊரில் தெருவிளக்கடியில் பாருங்கள்: ஆறு கைகளும் தெளிவாகத் தெரியும் நட்சத்திரப் பனி விழுந்தால் மேலே மைனஸ் 12 முதல் 18 டிகிரி வரையிலான அடுக்கில் காற்று நன்றாக எழும்புகிறது என்று பொருள், பனி மளமளவென்று ஏறும். ஜன்னலில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் வெப்ப அடுக்கு வந்து சேர்ந்துவிட்டது, 12 அங்குல ஆசையை விட்டுவிடலாம்.

பாஸ்டன் (கல்லூரி மாணவர்): செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்துவிட்டனவே, பழையவை இனி எதற்கு?

தம்பி, ஐரோப்பிய மையமே 2025 பிப்ரவரியில் தன் செயற்கை நுண்ணறிவு மாதிரியை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. புயலின் பாதையை அவை அழகாகச் சொல்கின்றன, நானும் பார்க்கிறேன். ஆனால் மணிக்கு இரண்டு மூன்று அங்குலம் கொட்டும் ஒல்லியான பனிப்பட்டைகளை அவை மழுப்பிவிடுகின்றன. அந்தப் பட்டை எந்த ஊர் மேல் நிற்கும் என்பதற்குக் கடைசி நாளில் மூன்று கிலோமீட்டர் நுணுக்கமுள்ள குறுகிய கால மாதிரிகளும், அதன்பின் ரேடாரும்தான் கதி.

பஃபலோ: எங்களுக்கு?

இந்தப் புயலில் ஒன்றுமில்லை. உங்கள் பனி ஏரியிலிருந்து வருவது, அது தனிக் கதை.

ஸ்டாம்ஃபோர்டு, கனெக்டிகட்: விழுந்த பனியைக் கார் கூரையில் அளந்து உங்களுக்கு அனுப்பலாமா?

வேண்டாம். வெள்ளை வண்ணம் பூசிய ஒரு பலகையை, காற்று சுழன்று அடிக்காத இடத்தில் இன்றே வையுங்கள். பக்கத்தில் ஒரு குச்சியும் நட்டுவிடுங்கள். 2016 ஜனவரிப் புயலில் வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில் பலகையே பனிக்குள் தொலைந்துபோய், அங்கே பதிவான 17.8 அங்குலம் பெரிய சர்ச்சையானது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் அளந்து துடைக்காதீர்கள். மணிக்கொரு முறை துடைத்துக் கூட்டினால் பனி அமுங்க நேரமே இருக்காது, கணக்கு ஊதிப்போகும்.

சாமர்செட், நியூ ஜெர்சி: செவ்வாய் காலை நுவார்க்கிலிருந்து சென்னைக்கு விமானம். காத்திருந்து பார்க்கலாமா?

வேண்டாம், இன்றே மாற்றிவிடுங்கள். அங்குலக் கணக்கு எப்படிப் போனாலும் செவ்வாய் காலைக் காற்று நிச்சயம். இப்படிப்பட்ட நேரங்களில் விமான நிறுவனங்கள் பெரும்பாலும் கூடுதல் கட்டணமில்லாமல் தேதி மாற்ற விடும். புதன் மாலைக்கு முன் போடாதீர்கள். திங்களும் செவ்வாயும் ரத்தான பயணிகள் அத்தனை பேரும் புதன் காலை வரிசையில் நிற்பார்கள். இணைப்பு விமானம் இருந்தால் அதன் தேதியும் சேர்ந்து மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.