டீச்சரம்மா பதில்கள்: ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். சபை நடத்தும் மெட்ரிக் பள்ளியில் சேர்த்தால் வேன் கட்டணத்தோடு வருஷத்துக்கு 40,000 ரூபாயைத் தாண்டும். நடந்து போகும் தூரத்தில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மாமியாரோ, "வேதம் (பைபிள்) இல்லாத பள்ளிக்கூடத்தில் விட்டால் பிள்ளை விசுவாசத்தில் எப்படி வளரும்? கடன் வாங்கியாவது நம்ம பள்ளிக்கூடத்தில் சேர்" என்கிறார். சபைப் போதகர் ஐயரிடம் கேட்டால் "ஜெபம் பண்ணி முடிவெடுங்கள்" என்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், வள்ளியூர் பக்கம்

பதில்: ஐயர் சொன்னபடி ஜெபம் பண்ணுங்கள், மகளே. அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். சபைப் பள்ளி என்று மெட்ரிக்கை மட்டும்தானே எழுதியிருக்கிறீர்கள்? நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருநெல்வேலித் திருமண்டலத்தில், அதன் அறக்கட்டளையான டி.டி.டி.ஏ. போர்டு மாட்டிய பள்ளிகள் ஊருக்கு ஊர் உண்டு. அரசு சம்பளம் கொடுக்கும் உதவி பெறும் பள்ளிகள். அங்கேயும் காலையில் ஜெபம் உண்டு, வேதபாடம் உண்டு. தமிழ் வழியில் படித்தால் கட்டணமும் கிடையாது. அது உங்கள் பட்டியலிலும் இல்லை, மாமியார் பட்டியலிலும் இல்லை. ஏன்?

நானே சொல்லிவிடுகிறேன். அங்கே டை கிடையாது, வேன் வாசலுக்கு வராது, பிள்ளை "மம்மி" என்று கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழையாது. நான் வேலைக்குச் சேர்ந்தது அப்படி ஒரு டி.டி.டி.ஏ. தொடக்கப் பள்ளியில்தான். பிள்ளை பிடிக்க மே மாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவோம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எனக்கு முன் வரிசையில் உட்காரும் குடும்பங்களே கதவுக்குப் பின்னால் நின்று "யோசித்துச் சொல்கிறோம் டீச்சர்" என்பார்கள். ஆக, உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி விசுவாசம், மீதி இங்கிலீஷும் கௌரவமும். இங்கிலீஷ் ஆசையைத் தப்பு என்று சொல்லவில்லை. அதற்கு வேதத்தைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, அந்த விசுவாசப் பாதியைப் பார்ப்போம். நம் பள்ளிகளில் வேதம் எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? காலை பிரேயரில் ஒரு கீர்த்தனை, ஒரு வசனம், ஒரு ஜெபம். வாரத்துக்கு ஒன்றிரண்டு பீரியட் வேதபாடம். மற்றப் பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் நீதிபோதனை. அரையாண்டுப் பரீட்சை நெருங்கிவிட்டால் அந்தப் பீரியடையும் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்வார். நானும் வாங்கியிருக்கிறேன், நான் கணக்கு டீச்சர்.

ஒரு வருஷம் வசனப் போட்டி வைத்தோம். சங்கீதம் 23-ஐ மூச்சு விடாமல் ஒப்பித்து எவர்சில்வர் டிபன் பாக்ஸைத் தட்டிக்கொண்டு போனது ஊர் அம்மன் கோயில் பூசாரி வீட்டுப் பெண். சபை ஊழியரான உபதேசியார் வீட்டுப் பையன் "புல்லுள்ள இடங்களில்" வரைக்கும் வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண் இன்றைக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து பொங்கல் வைக்கிறாள். பையன் சபையில் கமிட்டி மெம்பர். பள்ளிக்கூடத்து வசனம் இரண்டு பேரையும் அவரவர் வீட்டு வழியிலிருந்து நகர்த்தவில்லை.

வேதத்தில் உபாகமம் 6-ஆம் அதிகாரத்தை மாமியாரையே வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் போதிக்கும் வேலை பெற்றவர்களுக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது: வீட்டில் உட்காரும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது. பள்ளிக்கூட மணி அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபம் நடக்கிறதா, சீரியல் நடக்கிறதா? ஓய்வுநாள் பள்ளிக்கு (சண்டே ஸ்கூல்) மகள் ஒழுங்காகப் போகிறாளா, அந்த நேரத்தில் டியூஷனா? இந்த இரண்டுக்கும் பதில் சரியாக இருந்தால் அரசுப் பள்ளி உங்கள் மகளை ஒன்றும் செய்யாது.

நம் பள்ளிகளைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கே வந்து விசாரிக்கிற டீச்சர்கள் அங்கே உண்டு. பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிற ஒரு டீச்சர் கிடைப்பது சின்ன விஷயமில்லை. பாட்டு, பேச்சு, மேடைக் கூச்சம் போவது எல்லாம் அங்கே நன்றாக நடக்கும். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து பள்ளிகளைத் திறந்தபோது பெண் பிள்ளை எழுத்து படிக்க வேறு வாசல் எங்கே இருந்தது? இன்றைக்கு உங்கள் தெருக்கோடியில் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது.

இனி காசுக் கணக்கு. மெட்ரிக்கில் வேறு பாடம் நடப்பதாக மாமியார் நினைத்தால், சமச்சீர் கல்வி 2010-ல் தொடங்கியதிலிருந்து அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக்குக்கும் ஒரே பாடத்திட்டம்தான். இங்கிலீஷ் மீடியம் வேண்டுமென்றால் பல அரசுப் பள்ளிகளிலும் அந்தப் பிரிவு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

ஜூனுக்குள் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் நீட்டினார்கள். அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். "பத்து வரைக்கும் மெட்ரிக், அப்புறம் கவர்ன்மென்ட் ஸ்கூல்" என்று கணக்குப் போட்டவர்கள் பிளஸ் டூ முடித்த பிறகு என்னிடம் வந்து கைபிசைந்து நின்றிருக்கிறார்கள். உதவி பெறும் பள்ளிக்கும் இந்த ஒதுக்கீடு கிடையாது. டி.டி.டி.ஏ., ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகளுக்கு இது அநியாயம் என்பது என் அபிப்பிராயம், ஆனால் சட்டம் இப்போதைக்கு அப்படித்தான். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உண்டு. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் அதில் சேர்த்தார்கள். மெட்ரிக்குக்கு இரண்டும் இல்லை.

நீங்கள் சொல்லும் அரசுப் பள்ளி எப்படிப்பட்டது என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது. ஒரு வேலை நாளில் பதினொரு மணிக்குப் போங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்தே பாருங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, இடம் காலியா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வாசலில் நின்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் பேச்சுக் கொடுங்கள். இந்த மூன்றும் தேறினால் கடன் வாங்காமல் அங்கேயே சேர்த்துவிடுங்கள். தேறாவிட்டால் மெட்ரிக்குக்கு ஓடாமல், முதலில் பக்கத்து உதவி பெறும் பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். லோடு ஆட்டோ ஒரு மாதம் படுத்தால் ஃபீஸ் கட்ட மாமியாரின் வளையல்தான் அடகுக்குப் போகும். இதை அவரிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மகன் அரசு நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் வகுப்பில் சரஸ்வதி படம் வைத்துப் பூஜை போட்டார்களாம். நெற்றியில் சந்தனமும் கையில் பொரியுமாக வந்தான். கிறிஸ்தவப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
- ஒரு தகப்பன், நாகர்கோவில்

பதில்: பொரிக்காக டி.சி. வாங்காதீர்கள், தம்பி. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்பது அரசமைப்புச் சட்டம் 28-ஆவது பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவியோ உள்ள எந்தப் பள்ளியிலும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது, சின்னப் பிள்ளை என்றால் பெற்றவர் சம்மதம் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நம் பள்ளிகளின் காலை ஜெபத்தில் நிற்கும் இந்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் காப்பது இதே பிரிவுதான், அதையும் மறக்க வேண்டாம்.

மனு எழுத அவசரமில்லை. வகுப்பு டீச்சரிடம் போய், "எங்கள் வீட்டு வழக்கம் இது, அவன் தள்ளி நின்றுகொள்ளட்டும்" என்று சிரித்த முகமாகச் சொல்லுங்கள். நான் பார்த்த வரையில் நூற்றில் தொண்ணூறு டீச்சர்கள் "சரிங்க சார்" என்று முடித்துவிடுவார்கள். பையனுக்கு "வேண்டாம் டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லப் பழக்குங்கள். பூஜையில் படைத்த பொரியைத் தின்னலாமா என்பது அப்போஸ்தலன் பவுல் காலத்துக் கேள்வி. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 8-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு நீங்களும் மனைவியும் பேசி முடிவெடுங்கள். ஒரே சபையில் இரண்டு குடும்பம் இரண்டு விதமாக முடிவெடுக்கும், அதில் சண்டை வேண்டாம். வேதத்தில் வரும் தானியேல், பாபிலோன் அரண்மனையில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் முழுசாகப் படித்தான், சாப்பாட்டுக்கு மட்டும் மாற்று கேட்டான். கேட்ட விதமும் ரொம்பப் பணிவு.

கேள்வி: ஊருக்கு உபதேசம் சரி. உங்கள் பிள்ளைகளை எங்கே படிக்க வைத்தீர்கள்?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: மூத்தவள் கன்னியாஸ்திரிகள் நடத்தும் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி. நான் வேலைக்குப் போகும் பஸ் அந்த வாசலில் நிற்கும், காரணம் அதுதான். நாங்கள் சி.எஸ்.ஐ., அது ஆர்.சி. என்று என் அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இளையவன், பின்னாளில் நான் வேலை பார்த்த அரசுப் பள்ளியிலேயே படித்தான். அம்மாவே டீச்சராக இருப்பது அவனுக்குப் பெரிய தண்டனை. இன்றைக்கு ஆலயத்தில் அவன் கீபோர்டு வாசிக்கிறான், அவள் பண்டிகைக்குப் பண்டிகைதான் வருகிறாள். இதிலிருந்து பள்ளியைப் பற்றி நீங்கள் எதையும் முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி: ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) இலவச இடத்துக்கு எங்கள் சபைப் பள்ளியில் கேட்டால் "எங்களுக்கு அது கிடையாது" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? மகனுக்கு ஐந்து வயது.
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: ஏமாற்றவில்லை. 25 சதவீத இடம் சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளுக்குத்தான். சிறுபான்மை நிறுவனங்களைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்புச் சொன்னது. நம் பிள்ளைக்கு நம் பள்ளியில் அந்த இடம் இல்லை, பக்கத்துத் தெரு தனியார் பள்ளியில் உண்டு! வருஷ வருமானம் இரண்டு லட்சத்துக்குள், வீடு ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் அங்கே விண்ணப்பிக்கலாம். சபைப் பள்ளியே வேண்டுமென்றால் குருவானவரின் கடிதத்தோடு தாளாளரைப் பாருங்கள். கட்டணச் சலுகை அவர் கையில் இருக்கிறது, கேட்காதவர்களுக்குத் தர மாட்டார்கள். அல்லது உதவி பெறும் ஆர்.சி., சி.எஸ்.ஐ. தொடக்கப் பள்ளி எது பக்கம் என்று விசாரியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2025 ஆகஸ்டில் நகரத்துப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருப்பதால் தலைமையாசிரியை உங்களை வாசலுக்கே வந்து அழைத்துப் போவார். ஆதார் அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கையோடு கொண்டு போங்கள்.