விமானச் செய்தி எல்லாம் ஃபோனிலேயே வருகிறது. ‘ஃபிளைட் இன்டர்நேஷனல்’ மாதிரிப் பழைய சஞ்சிகையை இன்னும் காசு கொடுத்து வாசிக்க வேண்டுமா?

செய்திக்காக என்றால் வேண்டாம். நான் அதைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வாசிக்கிறேன்; செய்திக்காக வாசித்தது குறைவு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1909 ஜனவரியில் லண்டனில் ‘ஃபிளைட்’ என்ற பெயரில் தொடங்கிய வாராந்தச் சஞ்சிகை இது. தொடங்கிய ஸ்டான்லி ஸ்பூனர் ஏற்கெனவே மோட்டார் வாகனச் சஞ்சிகை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தவர். பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்ததே அந்த வருடம் ஜூலையில்தான். அதற்கு ஆறு மாதம் முந்தியே, கிழமைக்குக் கிழமை எழுத இதில் விஷயம் இருக்கும் என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார்! 1962இல் பெயரோடு ‘இன்டர்நேஷனல்’ சேர்ந்தது. 2020இலிருந்து மாதம் ஒருமுறைதான் வருகிறது.

எனக்கு அதைக் காட்டியவர் மாமா. எண்பதுகளின் தொடக்கத்தில் கட்டுநாயக்காவில் விமானப் பராமரிப்பில் வேலை செய்தார். வேலையிடத்துக்கு வரும் பிரதி பத்துக் கை மாறி, ஓரமெல்லாம் கிரீஸ் விரலடையாளத்தோடு எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேரும்போது ஒன்றரை மாதம் பழசாகியிருக்கும். மாமா அதைப் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார். “அரபுப் புத்தகமோ வாசிக்கிறாய்?” என்று அம்மா பகிடி பண்ணுவார். பின்பக்கத்தில்தான் வேலை விளம்பரங்கள்: இன்ன விமானத்துக்கு உரிமம் உள்ள பொறியியலாளர் தேவை, இத்தனை வருட அனுபவம், வீடும் தருவோம். 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பக்கங்களை அவர் வாசித்த விதமே மாறிவிட்டது. அடுத்த வருடம் பஹ்ரைன் போனார். அம்மாவின் பகிடி பலித்தது என்று பிறகு வீட்டில் சொல்லிக்கொள்வோம், ஆனால் யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

எனக்கு வேண்டியது நடுப்பக்கம். விமானத்தின் தோலை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் விலா எலும்பு, குழாய், கம்பி, இருக்கை எல்லாவற்றையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்ட வெட்டுமுகப் படம். அப்போது எங்கள் நாட்டு விமான நிறுவனம் எயார் லங்காவிடம் ட்ரைஸ்டார் விமானங்கள் இருந்தன. இரண்டு எஞ்சின் இறக்கைகளில், ஒன்று வாலில். வால் எஞ்சினுக்குக் காற்று போகும் வாய் மேலே செங்குத்து வாலின் அடியில் இருக்கிறது. எஞ்சினோ கீழே உடலின் நுனியில். இரண்டும் எப்படிச் சந்திக்கின்றன என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்தால், காற்றுக்குழாய் பாம்பு மாதிரி வளைந்து இறங்குகிறது. அவ்வளவுதான் விஷயம். எந்த வாத்தியாரும் அதை எனக்கு அப்படி விளங்கவைத்திருக்க முடியாது. அந்த ட்ரைஸ்டாருக்கான எஞ்சினைச் செய்யப் போய்த்தான் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் 1971இல் காசில்லாமல் முறிந்துபோனது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். படத்தின் மேல் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

வருடத்துக்கு ஒருமுறை உலக விமான நிறுவனங்களின் விபரக்கொத்து வரும். எயார் லங்காவுக்கு அதில் ஒரு சிறு பந்தி. அதைத் தேடிப்பிடித்து வாசிப்பதில் ஒரு பெருமை, ஏனென்று கேட்காதீர்கள்.

சரி, செய்தி? பழைய பெயர் இருக்கிறது என்பதற்காக எழுதுவதெல்லாம் வேதவாக்கு ஆகிவிடாது. இதன் அமெரிக்கப் போட்டியாளர் ‘ஏவியேஷன் வீக்’, 1916இலிருந்து வருவது. 1958 டிசம்பரில் அது, சோவியத் நாடு அணுசக்தியில் ஓடும் குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிட்டுச் சோதிக்கிறது என்று எழுதியது. நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் இல்லை என்று ஜனாதிபதி ஐசன்ஹோவரே சொல்ல வேண்டி வந்தது. அப்படியொரு விமானம் இருக்கவில்லை. பார்த்ததாகச் சொல்லப்பட்டது சாதாரண எரிபொருளில் ஓடும் மியாசிஷ்சேவ் எம்-50. அதே பத்திரிகை எத்தனையோ நிஜ இரகசியங்களையும் வெளியே கொண்டுவந்திருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே, தொழிலில் இருப்பவர் என்றால் சந்தா கட்டுங்கள், அல்லது வேலையிடத்தைக் கட்ட வையுங்கள். என்னைப் போல ஆசைக்கு வாசிப்பவர் என்றால் கொழும்பில் மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் எழுபது எண்பதுகளின் பிரதிகள் கட்டாகக் கிடைக்கும். விலை பேசுவதற்கு முன் நடுவில் பின் அடித்த இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் படத்தை யாரோ ஒரு பையன் உருவியிருப்பான். போன மாதம் ஒரு கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, என்னைத் தெரிந்த கடைக்காரர் தானாகவே சொன்னார்: “நடு இருக்கு மாத்தயா, பின்னுக்குத்தான் நாலு பக்கம் இல்ல.”