மீன் இருந்த இடத்தில் பயறு: சைவத்துக்கு மாறும் குடும்பத்துக்குச் சில ஆலோசனைகள்

கேள்வி: திங்கள்சந்தைக்கு அருகிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு வயது 54, எடை 65 கிலோ. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துவருகிறார். கார்த்திகையில் மாலை போட்டவர், சபரிமலை போய்வந்து மாலையைக் கழற்றிய பிறகும் மீனைத் தொடவில்லை. இனி எப்போதும் சைவம்தான் என்கிறார். கல்லூரியில் படிக்கும் 19 வயது மகளும் (50 கிலோ) அப்பாவோடு சேர்ந்துகொண்டாள். இருவருக்கும் முட்டையும் வேண்டாம். பாலும் தயிரும் உண்டு. மீனை மட்டும் நிறுத்தினோம், மற்றதெல்லாம் பழையபடிதான்: காலையில் புட்டும் பழமும், மதியம் சோறும் ரசமும் பப்படமும், சாயங்காலம் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சம்மந்தியும் (தேங்காய்த் துவையல்), இரவில் கஞ்சியும் ஊறுகாயும். நான்கு மாதத்தில் அவருக்குச் சர்க்கரை கூடிவிட்டது. கால் விரல்கள் மரத்துப்போகின்றன. மகளுக்கு ஹீமோகுளோபின் 10.4 என்று வந்திருக்கிறது. மாமியாரும் மகனும் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார்கள். சைவம் இவர்களுக்கு ஒத்துவராதா? மாத்திரை ஏதும் வேண்டுமா?

பதில்: சைவம் இருவருக்கும் ஒத்துவரும். ஒத்துவராமல் போனது, "மீனை மட்டும் நிறுத்தினோம், மற்றதெல்லாம் பழையபடிதான்" என்று நீங்கள் எழுதியிருக்கும் ஏற்பாடு. நாகர்கோவிலில் என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில், விரதத்தைத் தொடர்ந்து சைவத்துக்கு மாறியவர்கள் பெரும்பாலும் இதே வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள். 41 நாள் விரதத்துக்கு அந்த ஏற்பாடு போதும்; ஆயுள் முழுவதற்கும் போதாது.

நம் குமரி மாவட்டத்துச் சாப்பாடு மீனை நம்பி அமைந்தது. 1880 முதல் 1885 வரை, நம் பகுதியும் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மா அரிசி வரத்து நின்றபோது நம் முன்னோரின் பசியை ஆற்றியது அந்தக் கிழங்குதான். ஆனால் 100 கிராம் கிழங்கில் புரதம் ஏறத்தாழ 1 கிராம். மீதியில் பெரும்பகுதி மாவும் தண்ணீரும். அப்படியொரு கிழங்கை நம்பி உழைக்க முடிந்ததற்குக் காரணம், பக்கத்தில் விலை மலிந்த சாளை (மத்தி) மீன் கறி இருந்தது. 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் வரை புரதம் கிடைக்கும். மீனை எடுத்துவிட்டுக் கிழங்கையும் சம்மந்தியையும் மட்டும் வைத்தால், தட்டில் இருப்பது மாவும் தேங்காய்க் கொழுப்பும்தான். வயிறு நிறையும், இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், அந்தப் பசிக்கு ஒரு ஏத்தன்பழமோ பழம்பொரியோ உள்ளே போகும். உங்கள் கணவரின் சர்க்கரை கூடிய வழி இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எனவே முதல் கணக்கு புரதத்தைப் பற்றியது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயது வந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். உங்கள் கணவருக்கு ஏறத்தாழ 54 கிராம், மகளுக்கு 42 கிராம். "நாங்கள் தினமும் சாம்பார் வைக்கிறோமே" என்று பலர் சொல்வதுண்டு. நாலு பேருக்கு ஒரு கைப்பிடிப் பருப்பு போட்டு நீட்டிய சாம்பாரில், ஒருவரின் பங்குக்கு வரும் புரதம் மூன்று நான்கு கிராமைத் தாண்டாது. பருப்பையும் பயறையும் குழம்பில் மிதப்பவையாக எண்ணுவதை விட்டு, தட்டில் தனி இடம் பிடிக்கும் கறியாக எண்ண வேண்டும்.

அதற்கு வடநாட்டுச் சமையல் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. புட்டோடு பழமும் சீனியும் வைக்கும் இடத்தில் கொண்டைக்கடலைக் கறியோ சிறுபயறோ வையுங்கள். ஒருவருக்கு உலர்ந்த நிலையில் 40 கிராம் கடலை என்று அளந்து ஊறப்போட்டால் 8 கிராம் புரதமாகும், புட்டு மாவிலிருந்து இன்னொரு 5 கிராம் சேரும். மதியம் 100 கிராம் அரிசியின் சோற்றோடு, 30 கிராம் பருப்பில் கெட்டியாக வைத்த பருப்புக்கறியும், முருங்கைக்கீரையோ பயற்றங்காயோ போட்ட துவரனும் (தேங்காய் சேர்த்த பொரியல்), ஒரு கிண்ணம் தயிரும் இருந்தால் 18 கிராம் வரை கிடைக்கும். சாயங்காலம் மரச்சீனிக்குப் பதிலாக அவித்த அல்லது வறுத்த நிலக்கடலை 30 கிராம் என்றால் 7 கிராம். இரவுக் கஞ்சியைக் கைவிட வேண்டாம். ஊறுகாயைத் தள்ளிவிட்டு, 40 கிராம் சிறுபயறோ பெரும்பயறோ (காராமணி) அவித்துத் தேங்காய் சேர்த்துத் தாளித்து, கஞ்சிக்குச் சமமாக அல்லது அதற்கும் கூடுதலாக எடுத்துக்கொண்டால் 13 கிராம் வரும். நாள் முழுவதற்கும் ஒரு தம்ளர் பாலையும் சேர்த்தால் கணக்கு 55 கிராமைத் தாண்டுகிறது. மகளுக்கு அளவுகளைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். அவசர நாளில் 25 கிராம் சோயா உருண்டை மட்டும் 12 கிராமுக்கு மேல் தரும் என்பதால், அதையும் வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் நிறைய உண்டு. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. கஞ்சியையும் பயறையும் சேர்த்து உண்ணும் நம் ஊர் வழக்கம் அந்தக் கணக்கைத் தானாகவே தீர்த்துவைக்கிறது.

ருசி ஒரு பெரிய தடை என்பதை நான் மறுக்கவில்லை. மீன்கறிக்கு ஏங்குகிறோம் என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் ஏங்குவது அந்த அரைப்புக்கும் புளிப்புக்கும்தான். பெரும்பயறை இரவே ஊறப்போட்டு மலர வேகவைத்துக்கொள்ளுங்கள். தேங்காய், மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், சின்ன உள்ளி இவற்றை மீன்கறிக்கு அரைப்பது போலவே மையாக அரைத்து, மண்சட்டியில் புளிக்கரைசலோடு கொதிக்கவிட்டு, முருங்கைக்காயும் புளிப்பு மாங்காயும் நீளவாக்கில் வெட்டிப் போட்டு, கடைசியாகப் பயறைச் சேர்த்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றி மூடிவையுங்கள். மறுநாள் காலையில் அந்தச் சட்டியின் அடியில் மிஞ்சும் கறி இன்னும் நன்றாக இருக்கும். உள்ளித் தீயலில் கொண்டைக்கடலை சேர்ப்பதும், காணத்தை (கொள்ளு) வறுத்துத் துவையல் அரைப்பதும் இதே வழியில் உதவும். பயறு வகைகளைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். முதல் இரண்டு வாரம் பாதி அளவில் தொடங்கி, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இஞ்சியும் காயமும் போட்டு வேகவையுங்கள்.

கணவரைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். எட்டு ஆண்டுச் சர்க்கரை நோயில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், புரதத்தைக் கூட்டும் முன் கிரியாட்டினின் அளவையும் சிறுநீரில் அல்புமின் உள்ளதா என்பதையும் பார்த்துவிடுங்கள். குறை ஏதும் இருந்தால் அளவுகளை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் மெட்ஃபார்மினோடு வேறு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், சோறும் கிழங்கும் குறையும்போது சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும். உணவை மாற்றும் செய்தியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம்.

இனி கால் மரத்துப்போவது. உங்கள் கடிதத்தில் நான் மிகவும் கவலையோடு படித்தது இதைத்தான். வைட்டமின் பி12 தாவர உணவில் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில்தான் உண்டு. நாளொன்றுக்குத் தேவை 2 முதல் 2.5 மைக்ரோகிராம் மட்டுமே. நல்ல நிலையில் உள்ள உடல் கல்லீரலில் அதைச் சேமித்து வைத்திருக்கும்; அந்தச் சேமிப்பு சில ஆண்டுகள் வரை தாங்கும். ஆகவே, நான்கு மாதம் மீன் சாப்பிடாததால் மட்டும் விரல்கள் மரத்தன என்று சொல்ல முடியாது. நெடுங்காலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குக் குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. அவர் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளிலேயே சேமிப்பு கரையத் தொடங்கியிருக்கலாம். இப்போது வரவும் குறைந்திருக்கிறது. வயிற்றெரிச்சலுக்காக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் போடுபவராக இருந்தால் இந்தக் குறை இன்னும் கூடும்.

சர்க்கரை நோயாலும் கால் மரக்கும், பி12 குறைந்தாலும் கால் மரக்கும்; அறிகுறியை வைத்து இரண்டையும் பிரிக்க இயலாது. "சர்க்கரைக்காரருக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவதால், சரிசெய்யக்கூடிய நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடுகிறது. இந்த வாரமே இரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றும், 200 முதல் 300 வரை இருந்தால் ஐயத்துக்குரியது என்றும் பொதுவாகக் கொள்வார்கள். கடையில் கேட்டு வாங்கிய "நரம்புச் சத்து மாத்திரை"யைப் பரிசோதனைக்கு முன் போட்டுவிடாதீர்கள். அதனால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுப்பதும் ஆபத்து. இரத்தச்சோகை தெளிந்தது போலத் தோன்றும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டேயிருக்கும். ஊசியா மாத்திரையா என்பதை மருத்துவர் சொல்வார். பழஞ்சோற்றுத் தண்ணீரிலும் சுருள்பாசி (ஸ்பைருலினா) தூளிலும் பி12 நிறைந்திருப்பதாகப் பரவும் செய்திகளை நம்பி மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். பழஞ்சோறு நல்ல உணவுதான், ஆனால் இந்தக் காரியத்துக்கு அது உதவாது. மகளுக்கு நாள்தோறும் அரை லிட்டர் வரை பாலும் தயிருமாகக் கிடைத்தால் பி12 தேவையின் பெரும்பகுதி நிறைவேறும். ஆண்டுக்கு ஒருமுறை அளவைப் பார்த்துக்கொண்டால் போதும்.

மகளின் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருப்பதால் இரத்தச்சோகை உறுதி. அதையும் சைவத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகமா, குடற்புழு உண்டா, முன்பே குறைவாக இருந்ததா என்பதையெல்லாம் கேட்டறிய வேண்டும். 10.4 என்ற அளவைக் கீரையால் மட்டும் விரைவாக உயர்த்த முடியாது. மருத்துவர் எழுதித்தரும் இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படும். மாத்திரை சேமிப்பை நிரப்பும், உணவு அதைக் காக்கும். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பு, மீனிலும் இறைச்சியிலும் உள்ளதைப் போல எளிதில் உடலில் சேராது. ஆனால் உடன் வைட்டமின் சி இருந்தால் நன்றாகச் சேரும். துவரனில் எலுமிச்சை பிழிவது, மதியச் சோற்றோடு நெல்லிக்காய் வைப்பது, சாப்பிட்டு எழுந்ததும் ஒரு கொய்யா கடிப்பது ஆகிய எதுவும் பயன் தரும். நம் வீடுகளில் புட்டோடு கூடவே கட்டன் சாயா குடிக்கும் வழக்கம் இதற்கு நேர்எதிர். தேயிலையில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாயாவை விடச்சொன்னால் கேட்கமாட்டாள் என்பதை அறிவேன். சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் ஒரு மணி நேர இடைவெளி விட்டால் போதும். பயறை முளைகட்டிச் சமைப்பதும் இரும்பை எளிதாகச் சேரச் செய்யும்.

மீனோடு போனவை இன்னும் சில உண்டு. கடல்மீன் அயோடினும் தந்துவந்தது. புத்தளம், சாமிதோப்புப் பக்கத்து உப்பளங்களிலிருந்து கல்லுப்பு வாங்கிப் பயன்படுத்தும் வீடாக இருந்தால், சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்புக்கு மாறிவிடுங்கள். இந்துப்பும் அதற்கு ஈடாகாது. மரச்சீனியில் உள்ள ஒரு பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் என்பதால், கிழங்கு சாப்பிடும் நாளில் அதை நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். நெத்திலியை முள்ளோடு தின்றதில் கிடைத்த கால்சியத்தைப் பால், கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை ஆகியவை ஈடுசெய்யும். சாளையிலும் அயிலையிலும் இருந்த ஒமேகா-3 கொழுப்புக்கு முழு ஈடு தாவரங்களில் எளிதில் இல்லை. வறுத்துப் பொடித்த ஆளி விதை நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி ஓரளவு உதவும், ஏனெனில் அதிலுள்ள வகையை உடல் சிறிதளவே மீனில் உள்ள வகையாக மாற்றிக்கொள்கிறது. இதற்காக மீனெண்ணெய் மாத்திரை வாங்கிவரும் சைவர்களை நான் பார்த்திருக்கிறேன். டப்பாவின் மேல் சைவத்துக்கான பச்சைப் புள்ளி இருக்கிறதா, அசைவத்துக்கான பழுப்பு நிற முக்கோணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

மாமியாருக்கும் மகனுக்கும் மீன் தொடரட்டும். ஒரே அரைப்பை அரைத்து இரண்டு சட்டியில் பங்கிட்டு, ஒன்றில் மீனும் மற்றொன்றில் பயறும் போட்டால் உங்களுக்கு வேலை இரட்டிக்காது. மீன் வைத்த பழைய மண்சட்டியை எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாது. வடசேரிச் சந்தைக்கோ தொடுவெட்டிச் சந்தைக்கோ போகும்போது புதுச் சட்டி ஒன்று வாங்கி, கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கி, சைவத்துக்கென்று ஒதுக்கிவையுங்கள். சம்மந்தி அரைக்கும்போது மாசிக் கருவாடோ சென்னாக்கூனியோ (உலர்ந்த சிறு இறால்) கைப்பழக்கத்தில் சேர்ந்துவிடும். மாமியாரிடம் இதை ஒருமுறை நயமாகச் சொல்லிவைத்தால் நல்லது.

மூன்று மாதம் கழித்துக் கணவருக்கு மூன்று மாத சராசரிச் சர்க்கரையையும், மகளுக்கு ஹீமோகுளோபினையும் மீண்டும் பாருங்கள். பி12 சிகிச்சை தொடங்கினால் அதன் அளவை எப்போது மறுபடி பார்ப்பது என்று மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் மரத்துப்போதல் விரலிலிருந்து மேலே ஏறினாலோ, நடையில் தள்ளாட்டம் தெரிந்தாலோ, நாக்கில் எரிச்சல் வந்தாலோ, குறித்த நாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.