தந்தை சேர்த்த பழைய நாணயங்களை எப்படி விற்பது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறேன். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். அவர் வைத்திருந்த தகரப் பெட்டியில் ராணி தலை, ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. செங்கோட்டையில் வேலை பார்த்தபோது வாங்கிய, சக்கரம் எனப்படும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் சிறு காசுகள் ஒரு சுருக்குப் பை நிறைய உள்ளன. மீன் சின்னம் போட்ட செப்புக் காசுகள் சிலவும், அரசு வெளியிட்ட நினைவு நாணயங்களின் ஆல்பம் ஒன்றும் உண்டு. திருநெல்வேலி டவுனில் ஒரு நகைக்கடையில் எல்லா வெள்ளியையும் எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். ஃபேஸ்புக்கில் ஒருவர் பல லட்சம் தருவதாகச் சொல்லி, முன்பணமாகப் பதிவுக் கட்டணம் கேட்கிறார். நானும் என் தம்பியும் விற்றுப் பங்கிட்டுக்கொள்ள நினைக்கிறோம். எது நல்ல வழி?

பதில்: ஃபேஸ்புக் நபருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம், ஆதார் நகலையோ வங்கிக் கணக்கு விவரத்தையோ தர வேண்டாம். பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக் கட்டணம், கமிஷன், வரி என்று பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்ட் 4 அன்று பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. நாணயத்தை உண்மையாகவே வாங்க வருபவர் விற்பவரிடம் பணம் கேட்க மாட்டார். பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின் எண்ணும் தேவையில்லை.

அடுத்ததாக, பெட்டியை மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துவிடும் எண்ணத்தையும் தள்ளிவையுங்கள். ஒரே ஊரில் விளைந்தாலும் நெல்லும் வாழைத்தாரும் கருப்பட்டியும் ஒரே சந்தையில் ஒரே விலைக்குப் போவதில்லை. உங்கள் பெட்டியிலும் நான்கு வகைச் சரக்கு இருக்கிறது. ஒவ்வொன்றையும் தேடி வாங்குபவர் வேறு வேறு ஆள். ஆகவே எங்கே விற்பது என்ற கேள்விக்கு முன்னால், எது என்ன என்று பிரித்து எழுதிவைக்கும் வேலை இருக்கிறது. அந்த வேலையை விற்பவர் செய்யாவிட்டால் வாங்குபவர் செய்வார். அப்போது அதன் பலனும் அவருக்கே போகும்.

வெள்ளி ரூபாய்களிலிருந்து தொடங்குங்கள். 1939 வரையிலான ஆண்டு பொறித்த ரூபாய் 11.66 கிராம் எடையும் 91.7 சதவீத வெள்ளியும் கொண்டது. அதாவது ஒரு காசில் ஏறக்குறைய 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. 1940 முதல் 1945 வரையிலான ரூபாய்க்கும் எடை அதேதான், ஆனால் வெள்ளி பாதிதான். 1946, 1947 என்று இருந்தால் அது நிக்கல். அதில் வெள்ளியே இல்லை. இந்த மூன்றையும் ஒன்றாகத் தராசில் போட்டு ஒரு விலை சொல்லும் கடைக்காரர், கணக்கைத் தமக்குச் சாதகமாகவே முடிப்பார். ஆண்டு வாரியாக அடுக்கிக்கொண்டு போனால், எடைக்கு விற்கும் காசுகளுக்குக்கூட என்ன கிடைக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்.

அப்படி அடுக்கும்போது சில ஆண்டுகளைத் தனியே எடுத்துவையுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில், அரசரின் அங்கியில் தொங்கும் ஆரத்தில் உள்ள யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் மனக்கசப்பு எழுந்தது. அச்சிட்டவற்றில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, அடுத்த ஆண்டு யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். ஆகவே 1911க்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் உண்மையிலேயே அரிது. அதனாலேயே அதில் போலிகள் மிகுதி, தேர்ந்தவர் பார்க்காமல் அதற்கு விலை பேச வேண்டாம். மாறாக 1916 முதல் 1920 வரையிலான ரூபாய்கள் கோடிக்கணக்கில் அச்சானவை. தேய்ந்து போனவையாக இருந்தால் வெள்ளி விலையையொட்டித்தான் போகும். விக்டோரியா ரூபாயில் 1862 என்றிருப்பதைக் கண்டு பரபரப்பு அடையாதீர்கள். அந்த ஆண்டையே 1874 வரை மாற்றாமல் அச்சிட்டதால் அது ஏராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் அந்த 1862க்குள்ளேயே ஆண்டுக்குக் கீழும் மேலும் உள்ள புள்ளிகளைக் கொண்டு பல வகைகளைப் பிரிக்கிறார்கள், அவற்றில் சில நல்ல விலை பெறுகின்றன. ஒரு பூதக்கண்ணாடியை வாங்கிவைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்பக்கத்தில், அடியில் உள்ள தாமரைக்குக் கீழே மேடாக ஒரு சிறு புள்ளி இருந்தால் அது பம்பாய் நாணயச் சாலையில் அச்சானது, இல்லையென்றால் கல்கத்தா நாணயச் சாலையில். ஆண்டோடு இந்தக் குறிப்பையும் எழுதிவைத்தால், உங்களிடம் பேச வருபவர் அளந்துதான் பேசுவார்.

விற்கப் போகிறோமே என்று காசுகளைத் துலக்கிவிடாதீர்கள் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டும் செம்பைப் புளி போட்டும் தேய்த்துப் பழகிய கை இதற்கும் நீளும். அப்படித் தேய்த்தால் நூறு ஆண்டுகளாக மேலே படிந்த கருநிறத்தோடு முகத்தின் நுண்ணிய கோடுகளும் போய்விடும். அரிய காசு ஒரே நிமிடத்தில் வெறும் வெள்ளித் துண்டு ஆகிவிடும். கருத்துக் கிடக்கும் காசுதான் சேகரிப்பாளருக்கு வேண்டும். விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் படாமல் பாருங்கள். ஒட்டும் பிளாஸ்டிக் உறையில் இருப்பவற்றைக் காகித உறைக்கு மாற்றுங்கள்.

சக்கரப் பையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கிறது; எனக்கோ பெட்டியிலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதால், பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்ற கணக்கு அங்கே சந்தையில் ஓடியிருக்கிறது. வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. கையால் எண்ண முடியாது. அதற்காகவே வரிசை வரிசையாகக் குழிகள் வெட்டிய மரப்பலகையில் காசைக் கொட்டிக் குலுக்கி, குழிகள் நிறைந்ததும் மீதியை வழித்து எண்ணுவார்கள். அந்தச் சக்கரப் பலகை உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், தயவுசெய்து காசுகளோடு சேர்த்தே வையுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் மதிப்பு கூடுதல். நகைக்கடைத் தராசில் இந்தப் பைக்குச் சில கிராம் வெள்ளியின் விலைதான் கிடைக்கும். ஆனால் திருவிதாங்கூர்க் காசுகளைத் தேடுபவர்கள் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறார்கள். இந்த ஒரு பகுதிக்குச் சென்னையைவிடத் தெற்கே போவதே சரி. பெரிய காசுகளில் மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு பொறித்திருந்தால், அதோடு 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறக்குறைய வந்துவிடும்.

மீன் சின்னச் செப்புக் காசுகளில் நிதானம் தேவை. பாண்டியர் காசுகள் தாமிரபரணிக் கரையெங்கும் கிடைத்திருக்கின்றன, அவற்றில் பல வகைகள் விலை குறைந்தவையே. எழுத்துப் பொறித்தவை மட்டும் தனிக் கவனத்துக்கு உரியவை. உங்கள் தந்தை இவற்றை விலைக்கு வாங்கினாரா, ஆற்று மணலிலோ வயலிலோ கண்டெடுத்தாரா என்பதை அவருடைய குறிப்பேட்டில் தேடிப் பாருங்கள். மண்ணில் புதைந்து கிடந்து கண்டெடுக்கப்பட்ட பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கண்டெடுத்தவை என்று தெரிந்தால் வழக்கறிஞரிடம் கேட்காமல் விற்பனைக்கு வைக்க வேண்டாம். விலைக்கு வாங்கியவையாக இருந்தாலும், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். உள்நாட்டில் விற்கலாம், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உங்கள் ராணி தலை ரூபாய்களுக்கும் இது பொருந்தும் என்பதால், சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது கூரியரில் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஆல்பத்துக்கு நேரம் அதிகம் செலவிட வேண்டாம். புழக்கத்தில் வந்த நினைவு நாணயங்களுக்குப் பெரும்பாலும் முகமதிப்பைவிடச் சிறிதே கூடும். வைஷ்ணவி தேவி காசுக்கு லட்சங்கள் என்று பரவும் செய்திகளில் உண்மை இல்லை. நாணயச் சாலையின் மூல உறையோடு இருக்கும் தொகுப்புகளை மட்டும் பிரிக்காமல் வையுங்கள்.

இப்படிப் பிரித்தபின் விற்கும் வழி தானாகத் தெளிவாகும். தேய்ந்த, சாதாரண ஆண்டு ரூபாய்களை நகைக்கடையில் அன்றைய வெள்ளி விலைக்குக் கொடுப்பதில் தவறில்லை. இரண்டு கடைகளில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நடுத்தரக் காசுகளுக்கு, மதுரையிலோ சென்னையிலோ நடக்கும் நாணயக் கண்காட்சிதான் என் முதல் பரிந்துரை. பல வியாபாரிகள் ஒரே மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பதால் ஒரே நாளில் பலரிடம் விலை கேட்கலாம். வியாபாரி சொல்லும் விலை, நாணயங்களின் விலையைப் பட்டியலிடும் கையேட்டில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கும்; கையேட்டில் இருப்பது அவர் விற்கும் விலை, அவர் முதல் போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்து விற்க வேண்டும் என்பதால் அந்த வேறுபாடு நியாயமே. நல்லவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை விட்டுவிட அனுமதிக்காதீர்கள். விற்றால் அந்தப் பகுதியை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள்.

உண்மையில் அரிதானது ஒன்றிரண்டு தேறினால் அவற்றுக்கு ஏலமே ஏற்றது. மும்பை, பெங்களூரு, அகமதாபாத் நகரங்களில் நாணயங்களுக்கென்றே ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. ஒப்படைக்கும் முன் விற்பவரிடம் பிடிக்கும் கமிஷன், குறைந்தபட்ச விலை, விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு, பணம் வரும் நாள் ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம்; அவசரத் தேவைக்கு ஏலத்தை நம்ப முடியாது.

எங்கே கொண்டுபோவதற்கு முன்பும் ஒவ்வொரு காசையும் இரு பக்கமும் படமெடுத்து, எண் கொடுத்து, பட்டியலில் நீங்களும் தம்பியும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தாயார் இருந்தால் அவருடைய ஒப்புதலும் வேண்டும். காசைப் பார்க்கக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். கண் முன்னால் பார்க்கச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை வங்கி வழியாகவே பெறுங்கள், ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது. தொகை பெரிதாக இருந்தால் மூலதன ஆதாய வரி பற்றி ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். தந்தை 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியவற்றுக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்ட வழி இருப்பதால், அவர் எழுதிவைத்த குறிப்பேட்டையும் பழைய ரசீதுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.