கூறையின் நிறம் மாறக் கூடாது

அன்புள்ள அம்மாவுக்கு,

"உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை, இவன் இரவிரவாக ஒரே வீடியோவை நீலமாக்குகிறான், பிறகு மஞ்சளாக்குகிறான்" என்று கிளிநொச்சியில் சந்தித்தபோது உங்கள் மகனைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். அன்று விளக்கமாகப் பேச நேரம் கிடைக்கவில்லை. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

அவன் செய்வது கலர் கிரேடிங். எடுத்த காட்சிகளின் ஒளியையும் நிறத்தையும் சரிசெய்து, கதைக்கேற்ற தோற்றம் கொடுக்கும் வேலை. சினிமாவில் இதற்கென்றே கலரிஸ்ட் இருப்பார். வன்னியில் அந்தப் பெயரில் சம்பள வேலை கிடைப்பது கடினம். ஆனால் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா எதிலும் வீடியோ உண்டு. தொடக்கம் அங்கேதான்.

தம்பி காட்டிய கலியாண வீடியோவைப் பார்த்தேன். கை வருகிறது, உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் படங்களில் வரும் நீலப்பச்சை, செம்மஞ்சள் தோற்றத்தை அப்படியே கொட்டிவிட்டான். மணப்பெண்ணின் கூறைச் சேலை தவிட்டு நிறமாகிவிட்டது, பின்னாலிருந்த வயல் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, முகங்களில் ஈயம் பூசியது போல ஒரு மங்கல். பெண்ணைப் பெற்றவர்கள் இதைப் பொறுப்பார்களா?

அடுத்த பகுதியைத் தம்பியிடம் கொடுங்கள்.

தம்பி, தோல் கறுப்போ வெள்ளையோ, அதன் சாயல் செம்மஞ்சள் பக்கம்தான். நிறவட்டத்தில் அதற்கு எதிரே நீலப்பச்சை. அதனால்தான் நிழல்களை நீலப்பச்சைக்குத் தள்ளினால் முகம் எடுப்பாகத் தெரிகிறது. நிழல்களை மட்டும் தள்ளு, முகத்தைத் தொடாதே. அதற்கும் முன்னர், வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபோம் வரைபடத்தைப் பார்த்து வெளிச்சத்தைச் சரிசெய், வேட்டியை வெள்ளையாக்கு. நிறங்களைக் காட்டும் வட்ட வரைபடமான வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு. முகத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் புள்ளிகள் அதை ஒட்டி நிற்க வேண்டும். தோற்றம் அதற்குப் பிறகுதான். லட் என்ற ஆயத்த நிறமாற்றக் கோப்பைப் போட்டால் முழுப் பலத்தில் விடாதே. 2000இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தில் பச்சைப் புல்வெளிகளைக் கணினியில் காய்ந்த மஞ்சளாக்கினார்கள். எந்த நிறத்தை மாற்றுவது, எதை விடுவது என்று தெரிந்து செய்த வேலை அது.

சரி அம்மா, காசு விஷயம். டாவின்சி ரிசொல்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே அவனுக்கு இப்போது போதும். சில மாதங்களில் கலரிஸ்ட் ஆக்குகிறோம் என்று யாராவது பெருந்தொகை கேட்டால் கட்டாதீர்கள். 16 ஜிபி ராமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் உள்ள கொம்பியூட்டர் ஒருநாள் தேவைப்படும். அதற்காக இப்போது நகையை அடகு வைக்க வேண்டாம்.

உயர்தரத்தை விடவே கூடாது. கிழமை நாட்களில் புத்தகம், சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் கிரேடிங். பரீட்சை முடிந்ததும் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளாகச் சேரட்டும். புள்ளிகள் வந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகளையும் யோசிக்கலாம்.

இந்தச் சனிக்கிழமை உங்கள் கூறையை எடுத்துக் கொடுங்கள். வீட்டு வாசலில் வைத்துப் போனில் படமெடுத்து, கூறையைத் திரைக்குப் பக்கத்தில் விரித்துவைத்து, இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரியும்வரை திருத்தட்டும். அதைக் கொண்டு வரச் சொல்லுங்கள், நான் பார்க்கிறேன்.