வாசகர் கேள்விகள்: ஹைபிரிட் கார்

கே: இரண்டு கார்களிலும் ஹைபிரிட் என்றே எழுதியிருக்கிறது. ஒன்று நெரிசலில் இன்ஜின் ஓடாமலே ஊர்கிறது. மற்றதில் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் இன்ஜின் ஓடத் தொடங்கிவிடுகிறது. இது கோளாறா?

ப: கோளாறு இல்லை. இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் கார்தான் ஹைபிரிட், அதில் வகைகள் உண்டு. இரண்டாவது கார் மைல்ட் ஹைபிரிட். காருக்கு மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு மோட்டார், பெரும்பாலும் 48 வோல்ட், பெல்ட்டால் இன்ஜினோடு பிணைந்திருக்கும். உதறலில்லாமல் ஸ்டார்ட் செய்யும், கிளம்பும்போது கைகொடுக்கும், பிரேக் பிடிக்கையில் கொஞ்சம் மின்சாரம் சேர்க்கும். அவ்வளவுதான். ஹைபிரிட் என்ற பெயர் அதற்குச் சற்று அதிகம்தான்!

முதல் கார் முழு ஹைபிரிட், அதாவது மோட்டாரால் மட்டுமேகூட ஓடக்கூடியது. 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். அதிலுள்ள பிளானட்டரி கியர், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் பற்சக்கரத் தொகுதி. அதன் நடுவே உள்ள சன் கியரோடு ஒரு மோட்டார். வெளிவளையமான ரிங் கியரோடு இன்னொரு மோட்டாரும் சக்கரங்களும். இடையிலுள்ள சிறு பற்சக்கரங்களைத் தாங்கும் கேரியரோடு இன்ஜின். ரிங் கியருக்கு 78 பல், சன் கியருக்கு 30 பல். அதனால் இன்ஜினின் டார்க்கில், அதாவது சுழற்றும் விசையில், சுமார் 72 சதவீதம் சக்கரத்துக்கும் 28 சதவீதம் முதல் மோட்டாருக்கும் பிரியும். முதல் மோட்டார் அதை மின்சாரமாக்கி இரண்டாவதற்குத் தரும். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதும் முதல் மோட்டாரே. தனி ஸ்டார்ட்டர் கிடையாது. முதல் மோட்டாரின் வேகத்தை மாற்றியே இன்ஜின் வேகத்தை மாற்றுகிறார்கள். மேட்டில் காரின் வேகம் கூடாமலே இன்ஜின் மட்டும் இரைவது இதனால்தான்.

கே: இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றாத ஹைபிரிட்டும் உண்டாமே?

ப: சீரீஸ் ஹைபிரிட். இன்ஜின் ஜெனரேட்டரை மட்டும் ஓட்டும். நின்று நின்று போகும் சாலையில் அருமை. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது, சுழற்சி மின்சாரமாகி மறுபடி சுழற்சியாவதில் கொஞ்சம் வீணாகும்.

கே: வெளியே பிளக்கில் சொருகிச் சார்ஜ் போடும் பிளக்-இன் ஹைபிரிட்டைச் சார்ஜ் போடாமலே ஓட்டலாமா?

ப: ஓடும், ஆனால் வாங்கியதன் பயன் போய்விடும். முழு ஹைபிரிட்டின் பேட்டரி பெரும்பாலும் 1 முதல் 2 கிலோவாட்-மணிதான். பிளக்-இன்னில் அது 10, 20 வரைகூட இருக்கும். சார்ஜ் போடாவிட்டால் அத்தனை எடையையும் பெட்ரோல்தான் இழுக்கும்.

கே: முழு ஹைபிரிட்டில் பின்சீட்டருகே மின்விசிறிச் சத்தம் அதிகமாகக் கேட்கிறது. ஏன்?

ப: காற்றால் குளிரும் பேட்டரியாக இருந்தால், சீட்டின் ஓரத்திலுள்ள காற்றுத் துவாரத்தை முதலில் பாருங்கள். பையோ துணியோ அடைத்திருக்கலாம். ஃபில்டரில் தூசி படிந்திருக்கலாம். அப்படியே விட்டால் பேட்டரி சூடேறி அதன் ஆயுள் குறையும். ஃபில்டரை நீங்களே கழற்றிச் சுத்தம் செய்யலாம். ஆரஞ்சு நிற ஒயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள், அவை உயர் மின்னழுத்தம் பாய்பவை.