குன்னூரிலிருந்து லண்டன்: 8,200 கிலோமீட்டருக்கு ஏன் 11 மணி நேரம்?

சென்னை–லண்டன் 8,200 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 போகிறது, அப்படியானால் ஒன்பது மணி நேரம்தானே, டிக்கெட்டில் ஏன் கிட்டத்தட்ட 11 என்று போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 8,200 என்பது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்தால் வரும் மிகக் குறுகிய தூரம். நிஜத்தில் விமானம் அப்படியே போவதில்லை, மூடிய வான்பகுதிகளைச் சுற்ற வேண்டும், அப்புறம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் 900 வேகம் கிடையாது. இதைவிடப் பெரிய விஷயம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் பலமாக வீசும், குளிர்காலத்தில் இன்னும் பலமாக. லண்டன் போகும்போது அதை எதிர்த்துப் போகிறீர்கள், திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும், அதனால்தான் வரும் பயணம் பெரும்பாலும் குறைவான நேரத்தில் முடிகிறது.

டிக்கெட்டில் இருக்கும் கிளம்பும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால், அவர்கள் கோடைக்காலத்தில் நாலரை. போகும்போது அதைக் கூட்டாமலும், திரும்பும்போது கழிக்காமலும் கணக்குப் போட்டால் குழப்பம்தான்.

சரி, குன்னூரிலிருந்து கிளம்பி கோவை வழியாகச் சென்னை போகும் உங்களுக்கு உண்மையான தலைவலி வானத்தில் இல்லை, மலைப்பாதையில். குன்னூரிலிருந்து கோவை விமான நிலையம் எழுபது கிலோமீட்டர் சுமார், சாதாரண நாளில் இரண்டு, இரண்டரை மணி நேரம். மே மாத சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி பக்கம் திருப்பிவிட்டால், மழையில் வழியிலுள்ள பர்லியார் அருகே மரம் விழுந்தால், கேட்கவே வேண்டாம். நானாக இருந்தால் முந்தின நாளே இறங்கி கோவையில் தங்கிவிடுவேன்.